போனவன் ஷிப்ட்

ஜனவரியில் எங்கள் ஆறு முழுவதும் உறைந்து கிடக்கும். மில்லுக்குக் கீழ்ப்புறம் மட்டும் உறையாது. காகித எந்திரங்கள் வெளியேற்றும் வெந்நீர் அங்கே கலப்பதால், கறுத்த நீரின்மீது ஆவி எழுந்து, பாலத்தைக் கடப்போரின் மீசையிலும் புருவத்திலும் படிந்து வெண்மையாகும். அழுகிய முட்டைக்கோசின் நாற்றமும் அதனோடு சேர்ந்து வரும். வெளியூரார் மூக்கைப் பொத்திக்கொள்வர். எங்களூர்ப் பெண்களோ, நாற்றம் அடிக்காத நாளில்தான் சன்னலைத் திறந்து மில்லுக்கு என்ன வந்ததென்று பார்ப்பார்கள்.

அன்று முற்பகல் அந்த ஆவியினூடே பாலத்தைக் கடந்து வந்த ரோசேர் லிசோட், வீட்டு மாடிப்படியை வழக்கத்தினும் மெதுவாக ஏறினார். சமையலறையில் அவருடைய மனைவி லொரெட், இரும்புக்கல்லில் பிலோய் வார்த்துக்கொண்டிருந்தாள். பக்வீட் என்னும் தானியத்தின் மாவைக் கரைத்து ஒரு பக்கம் மட்டும் வேகவிடும் அடை அது. திருப்பிப் போடுபவளை எங்களூரில் மருமகளாக ஏற்கமாட்டார்கள்.

"குடுத்தாங்களா?" என்றாள், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பூட்ஸ கழட்ட விடு."

"பூட்ஸ காலாலதான கழட்டுற? வாய் சும்மாத்தான இருக்கு?"

"குடுக்கல."

அடை கருகும் மணம் எழுந்தது. லொரெட் அதை எடுத்துக் குப்பையிற் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

அவள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. ரோசேர் சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் டிசம்பர் கடைசி நாளோடு மில்லிலிருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்றே ஆகியிருந்தபோதிலும், எந்திரம் அவருடைய செவிகளையும் முழங்கால்களையும் வாங்கிக்கொண்டுவிட்டதால், அரசாங்கத்தின் சோஷல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தை முன்கூட்டியே கேட்டுப் பெற்றார். அப்படி முன்கூட்டிப் பெறுபவர் தொடர்ந்து வேலை செய்து வரம்புக்குமேற் சம்பாதித்தால், ஓய்வூதியத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ரோசேர் வேலை செய்யவில்லை. ஆயினும் ஓய்வுபெற்ற அடுத்த பிப்ரவரியில் மில் அவருக்கு ஒரு பெருந்தொகை கொடுத்தது. எங்களூர் மில்காரர் விடுப்பு எடுப்பதில்லை. மான் வேட்டைக்குங்கூட ஷிப்டை மாற்றிக்கொண்டுதான் போவார்கள். எடுக்காத விடுப்பையெல்லாம் சேர்த்துவைத்து, வேலையை விடும்போது பணமாகப் பெறுவது வழக்கம். ரோசேரின் விடுப்புப் பணம் அவ்வீட்டுக் கூரையாக மாறியிருந்தது. இப்போது சோஷல் செக்யூரிட்டியிலிருந்து கடிதம்: அவ்வாண்டில் நீங்கள் இவ்வளவு சம்பளம் பெற்றிருக்கிறீர்கள், ஆதலால் நீங்கள் ஓய்வு பெற்றவரல்லர், கொடுத்ததைத் திரும்பப் பிடிக்கும்வரை அடுத்த மாதம் முதல் காசோலை வாராது. அப்பணம் பழைய வேலைக்குரியது என்று மில் எழுதிக்கொடுத்தால் மட்டுமே தப்பலாம்.

"ஒடெட் என்னதான் சொன்னா?" என்று கேட்டாள் லொரெட். ஒடெட் மில்லின் சம்பளப் பிரிவில் இருப்பவள்.

"பாவம், அவ நல்லாத்தான் ஆரம்பிச்சா. பேரு, தொகை எல்லாம் எழுதினா. அப்புறம் ஒரு கட்டம். கடைசியா நெசமா வேலை செஞ்ச நாள் எதுன்னு. டிசம்பர் முப்பத்தொண்ணுன்னேன். அவ கம்ப்யூட்டரப் பாத்தா. என்னப் பாத்தா. ஜனவரி ரெண்டுன்னு காட்டுது ரோசேர்ங்கறா."

லொரெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். "போனவன் ஷிப்ட்."

"அதேதான்."

எந்திரக் குழுவில் ஒருவன் ஓய்வு பெற்றுப் போனால், அடுத்த ஷிப்டில் அவனுடைய வருகை அட்டையையும் குழுவில் ஒருவன் நேரம் பதியும் கடிகாரத்தில் அடித்துவிடுவான். போனவன் வீட்டிற் படுத்து உறங்குவான். ஆறு பேர் வேலையை ஐந்து பேர் செய்வர். அன்று முழுதும் தாள் அறுந்தாலும், உருளை சிக்கினாலும், போனவன் பெயரைச் சொல்லித்தான் திட்டுவர். அந்த ஒரு நாட்கூலியில் அவன் எல்லோருக்கும் பீர் வாங்கித் தரவேண்டும். தந்தையர் காலத்திலிருந்தே நடந்துவந்தது இது. பழைய முதலாளிகளின் மேற்பார்வையாளர்கள் அவ்வேளையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பர். அவர்களில் பலர் அந்தப் பீரைக் குடித்தவர்கள். ஆனால் சென்ற கோடையில் மில் கைமாறிவிட்டது. புதியவர்கள் தெற்கிலிருந்து ப்ரெஸ்காட் என்றொரு மேலாளரை அனுப்பியிருந்தார்கள். ஆட்குறைப்புக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"சரி, ஜனவரி ரெண்டுன்னே எழுதச் சொல்ல வேண்டியதுதான? ஒரு நாள் முன்ன பின்ன. யாரு அழுதா?"

"ஒடெட்டும் அதத்தான் சொன்னா. கையெழுத்துக்கு ப்ரெஸ்காட் கிட்ட கொண்டு போனா. அந்தாளு வாசல் கேட்டுப் பதிவத் தட்டிப் பாத்திருக்கான். அன்னிக்கு நான் கேட்டுக்குள்ளயே வரல. உள்ள வராதவன் அட்டை எப்படி அடிச்சுதுன்னு என்னக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேக்கறான்."

"பனியா இருந்துது, காவக்காரன் கவனிக்கலன்னு சொல்லிட்டு வரதுக்கென்ன?"

"அன்னிக்கு நான் எங்க இருந்தேன், லொரெட்?"

அவள் யோசித்தாள். பிறகு தன் வலப்பக்க விலாவைத் தொட்டுக்கொண்டாள். அன்றுதான் அவளுடைய பித்தப்பையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாவற்றிலும் ரோசேரின் கையெழுத்து இருந்தது. செலவில் ஒரு பகுதியைத் தந்தது மில்லின் காப்பீடு; ஆதலால் அந்தத் தேதி மில்லின் கோப்பிலும் இருந்தது.

"கடவுளே. அதுக்குள்ள என் பித்தப்பையும் வந்து நிக்குதா?"

"அவன் என்ன சொன்னான் தெரியுமா? மிஸ்டர் லிசோட், உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க போயிட்டவரு. அட்டைய அடிச்சவன் பேரச் சொல்லுங்க, அன்னிக்கே கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் தப்பான தேதியில என் பேரப் போடமாட்டேன். சிரிச்சுக்கிட்டே சொல்றான். காப்பி வேற குடுத்தான்."

"குடிச்சியா?"

"குளிரா இருந்துது."

"குடிச்சிருக்க!"

"லொரெட், காப்பியா இப்ப முக்கியம்?"

"மெதுவா பேசு. கீழ கேக்கும்."

"மெதுவாத்தான் பேசறேன்!" என்றார் ரோசேர், அலமாரியிலிருந்த கோப்பைகள் அதிர.

நாற்பதாண்டு எந்திர இரைச்சலில் நின்றவர்க்குத் தம் குரலின் அளவு தெரிவதில்லை. அவர் இரகசியம் என்று நினைத்துப் பேசுவது தெருமுனை அஞ்சற்பெட்டிவரை கேட்கும். கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்கள் அவர்களுடைய மகள் ஜனீனும், மருமகன் கான்ராடும். ரோசேர் வேலை செய்த அதே நான்காம் எந்திரத்தின் குழுவில்தான் கான்ராடும் இருந்தான். போனவன் குடும்பத்தில் ஒருவன் குழுவில் இருந்தால், அட்டையை அடிக்கும் உரிமை அவனுக்கே உரியது.

பிற்பகலில் லொரெட் ஊறவைத்திருந்த பீன்ஸை உப்பிட்ட பன்றிக்கொழுப்போடு பானையிலிட்டு அடுப்பினுள் வைத்தாள். ரோசேர் நிலவறைக்குச் சென்று வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டியின் அளவுகோலைப் பார்த்துவிட்டு வந்தார். சற்றுநேரம் கழித்து மீண்டும் போய்ப் பார்த்தார். வெளியே பனி, முதலில் தூளாகவும் பிறகு ஊசியாகவும் பெய்தது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் கான்ராட் தன் வீட்டில் தலையைக் காட்டிவிட்டு, உடைகூட மாற்றாமல் மாடிக்கு வந்தான். சட்டையில் காகிதக் கூழின் ஈரம் அப்படியே இருந்தது.

"பீன்ஸ் வாசன கீழ வரைக்கும் வருது மாமி."

"உக்காரு. ஜனீன் எங்க?"

"துணி மடிச்சுக்கிட்டிருக்கா. அழுதுகிட்டே மடிக்கறா, அதனால லேட்டாகும்."

லொரெட் கணவரைப் பார்த்தாள். "நான்தான் சொன்னேனே, மெதுவா பேசுன்னு."

"மெதுவாத்தான்..." என்று தொடங்கிய ரோசேர் நிறுத்திக்கொண்டார்.

கான்ராட் தட்டை இழுத்து வைத்துக்கொண்டான். "மாமா, அந்தாளு கேக்கறதச் சொல்லிடுங்க."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. என் பேர."

"உன் பேரு எனக்கு மறந்து போச்சு."

"மாமா."

"பீன்ஸத் தின்னு."

"அடுத்த மாசத்துலேர்ந்து செக் நின்னா என்ன பண்ணுவீங்க? எண்ணெய் யாரு ஊத்துவா? மாமியோட மாத்திரைய யாரு வாங்குவா? நான்தான? நான் குடுக்கறத நீங்க வாங்குவீங்களா? போன வருஷம் படியில பனி வாரினதுக்கே எனக்கு இருவது டாலர் நீட்டினவரு நீங்க."

"நீ வாங்கலியே."

"நீங்க மட்டும் வாங்கவா போறீங்க?"

லொரெட் குறுக்கிட்டாள். "உன்ன வேலைய விட்டுத் தூக்கிட்டா, கான்ராட்? ரெண்டு பிள்ளைங்க. இந்த ஊர்ல மில்ல விட்டா என்ன இருக்கு? பெட்ரோல் பங்கும் சவப்பெட்டிக் கடையும்."

"ரெண்டுலயும் ஆள் எடுக்கறாங்களாம் மாமி," என்றான் அவன். எவரும் சிரிக்கவில்லை.

"இதப் பாரு," என்றார் ரோசேர். இப்போது உண்மையிலேயே தாழ்ந்த குரலிற் பேச முயன்றதால் அவர் முகம் சிவந்தது. "அந்த ஷிப்ட்ல நீ என் வேலையையும் சேத்துச் செஞ்ச. எந்திரத்தோட ஈரப் பக்கத்துல தாள் அறுந்து, அனல்ல நின்னு திரும்பக் கோத்தீங்க. பீர நான் குடிச்சேன், நீங்க குடிச்சீங்க. அத அந்தத் தெக்கத்தியான் திருட்டுங்கறான். நான் என் வாயால உன் பேரச் சொன்னா, ஆமா திருட்டுதான்னு நானும் சேந்து சொன்ன மாதிரி. செக் போனா போவட்டும். மரம் வெட்டி எரிப்பேன்."

"இந்த முழங்கால வச்சுக்கிட்டா?" என்றாள் லொரெட்.

"உக்காந்துகிட்டு வெட்டுவேன்."

கான்ராட் தட்டிலிருந்ததை முழுவதும் உண்டான். ரொட்டியால் தட்டைத் துடைத்தும் உண்டான். பிறகு எழுந்து, "பீன்ஸ் நல்லாருந்துது மாமி," என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினான். அவன் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுத்தது ரோசேருக்கு நிம்மதியளித்தது. லொரெட்டுக்கு அளிக்கவில்லை. அவள் நெடுநேரம் தரையையே பார்த்திருந்தாள். கீழே மகளின் குரலும் மருமகனின் குரலும் மாறிமாறி எழுந்து தணிந்தன.

மறுநாள் கான்ராட் வழக்கமான வேளையில் வேலைக்குப் புறப்பட்டான். நண்பகலுக்கு முன்பே அவனுடைய வண்டி திரும்பி வந்தது. வண்டிச்சத்தம் ரோசேருக்குக் கேட்கவில்லை. லொரெட் சன்னலருகே போய் நின்றதைப் பார்த்துத்தான் அறிந்தார். கான்ராட் வண்டியின் பின்புறத்திலிருந்து பூட்ஸையும், தலைக்கவசத்தையும், சோற்றுப்பெட்டியையும் எடுத்து வாசற்படியில் வரிசையாக வைத்தான். பிறகு மாடிக்கு வந்து ஓர் உறையை மேசைமேல் வைத்தான்.

"கையெழுத்தோட இருக்கு. ஒடெட் எழுதினா. எழுதும்போது மூக்க உறிஞ்சிக்கிட்டே இருந்தா, சளின்னா."

ரோசேர் உறையைத் தொடவில்லை. "என்ன பண்ணின?"

"போனேன். நான்தான் அடிச்சேன்னேன். யூனியன்காரரப் பக்கத்துல உக்கார வச்சாங்க. அவரு தரையையே பாத்துக்கிட்டிருந்தாரு. அடுத்தவன் அட்டைய அடிச்சா வேலை போகும்னு சட்டத்திலேயே இருக்காம். அரமணி நேரத்துல முடிஞ்சுது."

"உன்ன யாருடா போகச் சொன்னது?" ரோசேரின் குரல் இம்முறை தெருவுக்கே கேட்டது. "நான் சொல்லமாட்டேன்னு சொன்னேன்ல? என் மேசையில உக்காந்து தின்னுட்டு, தலைய ஆட்டிட்டுப் போயி..."

"நான் தலைய ஆட்டலியே மாமா. பீன்ஸ் நல்லாருந்துதுன்னுதான் சொன்னேன்."

ரோசேர் கையை ஓங்கினார். ஓங்கிய கை என்ன செய்வதென்று தெரியாமல், நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றது. படியில் ஜனீன் வந்து நின்றிருந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தபோதிலும் குரல் தெளிவாக இருந்தது.

"அப்பா, கத்தி முடிச்சாச்சுன்னா கோட்டப் போடுங்க. சோஷல் செக்யூரிட்டி ஆபீஸ் நாலு மணி வரைக்கும்தான். அவரு வேலை போனது இதுக்காவது ஆகட்டும்."

நகரத்துக்குச் செல்லும் சாலையில் உப்புத் தூவியிருந்தார்கள். கான்ராட் வண்டியோட்டினான். மில்லுக்குக் கட்டையேற்றி வந்த லாரிகள் எதிரே சேற்றை வாரியடித்துச் சென்றன. ஒவ்வொன்றும் கடக்கையில் கான்ராட் தன்னையறியாமல் ஒரு விரலை உயர்த்தி ஓட்டுநருக்கு வணக்கம் தெரிவித்தான். அலுவலகத்தின் முன் வண்டியை நிறுத்தி, "நான் இங்கயே இருக்கேன். எஞ்சின நிறுத்தினா திரும்பக் கிளம்பாது," என்றான்.

உள்ளே கண்ணாடித் தடுப்பின் பின்னால் நடுவயதுப் பெண்ணொருத்தி இருந்தாள். ரோசேர் கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டபின்பே உறையை நீட்டினார். அவள் படித்தாள், தன் திரையைப் பார்த்தாள், மீண்டும் படித்தாள்.

"நல்லது. இது போதும். விடுப்புப் பணம் முழுக்கப் பழைய வருஷங்களோட வேலைக்கானதுன்னு தனியாப் பிரிச்சுக் காட்டியிருக்காங்க. அத உங்க வரம்புல சேக்கமாட்டோம். உங்க செக் நிக்காது."

"என்ன?"

"செக் நிக்காதுங்க!" என்று அவள் உரக்கச் சொன்னாள். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தனர். ஒரு கிழவி கைதட்டினாள்.

ரோசேர் தலையசைத்தார். எழுந்திருக்கவில்லை. "அந்தத் தேதி... சரியா இருக்குதா? டிசம்பர் முப்பத்தொண்ணு. அதுக்காகத்தான் இவ்வளவும்."

"இருக்கு. ஏன்?"

"ஜனவரி ரெண்டுன்னு எழுதியிருந்தா?"

அவள் தோளைக் குலுக்கினாள். "அப்பவும் இதே பதில்தான். அந்த ஒரு நாள் கூலி மட்டும் அந்த வருஷக் கணக்குல வரும். அது வரம்புக்கு எங்கியோ கீழ. லீவுப் பணம் எப்படியும் பழைய வேலைக்கானதுதானே? தொகையப் பிரிச்சுக் காட்டறதுதான் முக்கியம். சொல்லப்போனா, பணம் குடுத்தப்பவே மில்லே எங்களுக்கு இத அனுப்பியிருக்கணும். நீங்க அலைஞ்சிருக்கவே வேண்டாம்."

அவர் கேட்காதவர் போல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மீண்டும் சொல்ல வாயெடுத்தபோது கையை உயர்த்தித் தடுத்தார். "கேட்டுது."

பிறகு, இடையிடையே நின்று, நடந்ததைச் சொன்னார். தாம் மெதுவாகப் பேசுவதாக நினைத்தே சொன்னார்; காத்திருந்தோர் அனைவரும் செய்தித்தாளைத் தாழ்த்திக்கொண்டு கேட்டனர். அந்தப் பெண் இருமுறை பேனாவை எடுத்து வைத்தாள்.

"அட்டைய யார் அடிச்சாங்கங்கறது எங்க வேலையில்லீங்க," என்றாள் முடிவில். "அடிச்சது சரின்னும் நான் சொல்லமாட்டேன். ஆனா அந்தப் பேரச் சொன்னாத்தான் இத எழுதித் தருவேன்னு எங்க பேரச் சொல்லி ஒருத்தர் கேட்டிருந்தா, அது எங்க விதியில்ல. அப்படி நாங்க கேக்கல, தேதி எதுவா இருந்தாலும் முடிவு ஒண்ணுதான்னு ரெண்டு வரி எழுதித் தரேன். உங்க யூனியன் அத வச்சு என்ன பண்ண முடியுமோ, எனக்குத் தெரியாது. வேணுமா?"

எழுதி வாங்கினால் மருமகனிடம் காட்டவேண்டும். காட்டினால், அவன் தன் வேலையைக் கொடுத்து வாங்கிய தாள் எப்படியும் விலையின்றிக் கிடைத்திருக்கவேண்டியது என்பதை அவன் அறிவான். காட்டாவிட்டால், தன் மாமன் வீட்டில் கணப்பு எரிய வைத்தோம் என்ற எண்ணமாவது அவனுக்கு மிஞ்சும். ரோசேர் கண்ணாடிக்கதவின் வழியே வெளியே பார்த்தார். வண்டியினுள் கான்ராட் இரு கைகளையும் கக்கத்திற் செருகிக்கொண்டு, பாட்டொன்றுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தான்.

"எழுதுங்க," என்றார்.

அவர் வண்டியின் கதவைத் திறந்தபோது கான்ராட் முகமெல்லாம் மலர்ந்து, "என்னாச்சு? ஏத்துக்கிட்டாங்களா?" என்றான்.

"ஏத்துக்கிட்டாங்க."

"அப்பாடா! அப்படின்னா வீணாப் போகல." அவன் ஸ்டீயரிங்கைத் தட்டினான். "ஏறுங்க. ஜனீனுக்குப் போன் பண்ணணும். அவ இன்னும் துணி மடிச்சுக்கிட்டே இருப்பா, வீட்ல துணியே தீந்து போயிருக்கும்."

ரோசேர் ஏறவில்லை. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனி இருக்கையின்மேல் விழுந்து உருகியது.

"கான்ராட், உன் பேரு தேவையே இல்லியாம்."

"என்ன?"

"எந்தத் தேதி போட்டிருந்தாலும் குடுத்திருப்பாங்களாம். அந்தாளு மொத நாளே எழுதிக் குடுத்திருக்கலாம். அவனுக்கு உன் பேரு வேணும். அதுக்கு என் செக்க வச்சு வெளயாடிட்டான். நாம ரெண்டு பேரும் ஏமாந்துட்டோம்." கையிலிருந்த தாளை நீட்டினார். "அந்தம்மா எழுதிக் குடுத்திருக்கா. நான் சொல்லாம இருந்திருக்கலாம். முடியல."

கான்ராட் தாளை வாங்கிக்கொள்ளவில்லை. முன்கண்ணாடியில் துடைப்பான் இடமும் வலமுமாகப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாடை ஒருமுறை இறுகித் தளர்ந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஒலியெழுப்பினான். ரோசேருக்கு அது கேட்கவில்லை. மருமகனின் முகத்தைத் தவிர வேறெதுவும் அப்போது அவருக்குத் தெரியவில்லை. ஏசுவான் என்று எதிர்பார்த்தார். ஏசினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

கான்ராட் இருக்கையிலிருந்த ஈரத்தைத் தன் சட்டைக் கையால் துடைத்தான்.

"ஏறுங்க மாமா," என்றான். "கதவச் சாத்துங்க, குளிருது. அந்தத் தரையப் பாக்கற ஆளு அஞ்சு மணி வரைக்கும் யூனியன் ஆபீஸ்ல இருப்பான். அவன்கிட்ட நீங்க பேசுங்க. மெதுவாப் பேச வேண்டாம்."